எங்கள் வைஃபையில் 14 பேர்

இரவு எட்டரை மணி இருக்கும். அம்மா டிவியில் யூடியூப் போட்டு ஒரு சமயச் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தார். நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொற்பொழிவு அறுந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பொடியன் கத்திக் கத்தி கேம் விளையாடும் வீடியோ. "புள்ள, ஓடி வா, டிவிக்கு என்னவோ பிடிச்சிட்டு" என்று அம்மா கூப்பிட்டார். ரிமோட் மேசையில் கிடந்தது. மகன் டியூசனுக்குப் போயிருந்தான். மகள் கணக்குக் கொப்பியுடன் இருந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு போனின் பெயர் வந்து மறைந்தது. அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது.

யூடியூப்பில் இருக்கும் 'டிவிக்கு அனுப்பு' பொத்தான், பொதுவாக ஒரே வைஃபையில் இருக்கும் டிவியைத்தான் காட்டும். அப்படியென்றால் அந்தப் போன் எங்கள் வைஃபைக்குள் இருந்தது. யாரோ விரல் தவறித் தட்டியிருக்க வேண்டும்.

அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரே பிரச்சினை டேட்டா சீக்கிரம் முடிகிறது என்பதுதான். மாதம் 100 ஜிபி பெக்கேஜ். 20ஆம் திகதிக்கு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேகம் குறைந்து, கட்டாரில் இருக்கும் கணவர் வீடியோவில் பேசும்போது முகம் சதுரம் சதுரமாக உடையும். மகன்தான் காரணம் என்று நினைத்து அவனை இரண்டு மூன்று தடவை ஏசியிருக்கிறேன். இணைப்புத் தரும் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். "உங்கட வீட்டுப் பாவனைதான் மிஸ்" என்றார்கள். அது பொய்யும் இல்லை. வைஃபை தருகிற பெட்டியான எங்கள் ரவுட்டர் வழியாக வெளியே போவதெல்லாம் அவர்களுடைய கணக்கில் எங்கள் வீட்டுப் பாவனைதான். யார் பார்த்தார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது எங்கள் இணைப்பில் இருந்து ஒரு தப்பான காரியம் செய்தாலும் முதலில் தேடி வருவது எங்கள் வாசலுக்குத்தான்.

அன்று இரவு எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். வாசலையும் கிணற்றடியையும் காட்டுகிற கேமராப் பெட்டியும் அதே வைஃபையில்தான் இருந்தது. டிவியைத் தொட்டவருக்கு அதைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? கணவர் வெளிநாட்டில், வளர்கிற பெண்பிள்ளை வீட்டில். புட்டை இறக்கிவைத்துவிட்டு லெப்டொப்பை எடுத்தேன்.

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ரவுட்டரின் முகவரி இருக்கும், எங்களுடையதில் 192.168.1.1 என்று இருந்தது. சில ரவுட்டர்களில் 192.168.0.1 ஆகவோ 192.168.8.1 ஆகவோ இருக்கலாம். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் போனில் வைஃபை விவரத்துக்குள் போய் 'கேட்வே' என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம், அதாவது அதன் செட்டிங் பக்கம், திறக்கும். டேட்டா முடிந்திருந்தாலும் திறக்கும், அந்தப் பக்கம் இருப்பது அந்தப் பெட்டிக்குள்ளேயேதான். ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்த நாளில் இருந்து அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அதற்கான பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் இருந்தபடியே இருந்தன. வைஃபைக்குள் வந்த எவரும் இந்தப் பக்கத்தையும் திறந்திருக்கலாம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது.

இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். 14 இருந்தன.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் தெரியாததையெல்லாம் வெட்டத் தொடங்கினேன். மனதில் இருந்தது எட்டுத்தான்: என் போன், அம்மாவின் போன், மகனின் போன், மகளின் டெப், லெப்டொப், டிவி, கேமராப் பெட்டி, பிரிண்டர். மீதி ஆறும் கள்ளர் என்று நினைத்தேன். அதில் ஒன்றுக்கு 'எஸ்பிரெசிஃப்' என்று பெயர் இருந்தது. கேள்விப்படாத பெயர், ஏதோ சீனக் கம்பனி என்று அதைத்தான் முதலில் தடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் போனில் தட்டினால் கேட் லைட் எரியவில்லை. கணவர் அனுப்பிய, போனில் இருந்து போடுகிற பல்ப் அது. எஸ்பிரெசிஃப் என்பது அந்தப் பல்ப்புக்குள் இருக்கும் வைஃபைச் சிப்பைச் செய்கிற கம்பனி. இப்படியான பல்ப், பிளக் எத்தனையோ வகைகளில் அந்தச் சிப்தான் இருக்கிறது. ரவுட்டர் பல நேரம் காட்டுவது பெட்டியில் அச்சடித்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பனியின் பெயரை. தெரியாத பெயர் என்பதால் தெரியாத ஆள் என்று ஆகிவிடாது.

பிறகுதான் கொப்பியை எடுத்து ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு சாதனத்துக்கும் 'மெக் முகவரி' என்று ஒன்று இருக்கிறது. இரண்டிரண்டாகப் பிரித்து எழுதும் 12 குறிகள். 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் வரும். முதல் ஆறு குறிகளை வைத்துச் செய்த கம்பனியைக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, பட்டியலில் எது புதிதாக வருகிறது என்று பார்த்து எழுதினேன். மகள் பக்கத்தில் இருந்து வாசித்தாள், நான் எழுதினேன். போனிலேயே பார்க்க 'ஃபிங்' போன்ற செயலிகள் இருக்கின்றன, அவையும் உதவும். ஆனால் கொப்பியில் கையால் எழுதியதுதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

எழுதும்போது இன்னும் இரண்டு கள்ளர் எங்கள் வீட்டுக்காரராக மாறினார்கள். ஒன்று, உடைந்த கண்ணாடியுடன் மகள் பாட்டுக் கேட்க வைத்திருந்த பழைய போன். மற்றது மகனின் அதே போன், வேறொரு முகவரியில் இரண்டாம் தடவை வந்திருந்தது. இது எனக்குப் புதிய செய்தி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இல் இருந்தும், 2020இல் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 14இல் இருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மெக் முகவரியை மறைத்து, வைஃபை பெயருக்கு ஒன்றாகப் பொய் முகவரி காட்டுகின்றன. எங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும்: 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர். மகன் இரண்டிலும் மாறி மாறி இணைந்திருந்தான். போன பிறகும் கொஞ்ச நேரம் பழைய பெயர் பட்டியலில் நிற்கும். பொய் முகவரியை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது போன் தானே உண்டாக்கிய முகவரி. அதை வைத்துக் கம்பனியைத் தேடிப் பயனில்லை.

ஆக எங்கள் வரிசைகள் 11. மிஞ்சியது மூன்று போன்கள்.

இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கும் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டியவை. 2004 சுனாமிக்குப் பிறகு துண்டு துண்டாகக் கட்டிய வளவுகள். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வைஃபை இரண்டு மதில் தாண்டிப் போவதில் புதுமை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி நன்றாகவே போகும். ரவுட்டரோ பின்பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த இரவு ஒன்பது மணிக்கு, மூன்றில் ஒன்றை மட்டும் தடுத்தேன். அரை நிமிடம் இருக்காது, பின் வளவில் இருந்து ஒரு குரல்: "டேய், லைன் போயிட்டுடா!" அங்கே அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் பொடியன்கள். இரண்டாவதைத் தடுத்தேன். அங்கிருந்தே இன்னொரு குரல். மூன்றாவதைத் தடுத்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மாமியின் பேத்தி மதில் பக்கம் வந்து போனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கையில் சாதாரண தரப் பரீட்சைக்கான விஞ்ஞானப் புத்தகம்.

நான் ஜன்னலருகே நின்று பார்ப்பதைக் கண்டு அம்மா வந்தார். "அவளுக்கு நான்தான் புள்ள குடுத்தன்" என்றார். "கரண்ட் இல்லாத நேரம், ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் வந்தது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ரவுட்டருக்கு ஒரு சின்னப் பற்றரிப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். ஒழுங்கையே இருட்டாக இருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் வைஃபை இருக்கும். பிள்ளைகள் விறாந்தையில் வந்திருந்து படித்தார்கள். வரவேற்றது நான்தான். அந்தப் பாஸ்வேர்டை அதன் பிறகு நான் மாற்றவே இல்லை. மாமி வீட்டுப் பொடியன் அதைத் தன் போனில் இருந்து கியூ.ஆர். குறியாகக் காட்ட, பின் வளவுப் பொடியன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்ட்ராய்டு 10இல் இருந்து, வைஃபையில் இணைந்த எந்தப் போனும் அப்படிக் காட்டும். பல போன்களில் குறிக்குக் கீழே பாஸ்வேர்டே எழுத்தில் இருக்கும். ஒருவருக்குக் கொடுத்தால் அது அவரோடு நிற்பதில்லை.

தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அக்கா, பொலிசில ஒரு என்ட்ரி போடுவம்" என்றான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது இந்த நாட்டில் குற்றம், அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அனுமதி கொடுத்தது என் அம்மா. எங்கள் வீட்டில் இருந்து வெளியே போன ஒன்றுக்காக அயல்வீட்டை நிலையத்துக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தம்பி அடுத்து செய்ததுதான் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதிசா வைப்பம்" என்று ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினான். பாஸ்வேர்ட் மட்டுமல்ல, நிறுவனம் அந்தப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோயின. ஃபைபர் இணைப்பு முற்றாக நின்றது. ஆள் வந்து எல்லாவற்றையும் பழையபடி திரும்ப ஏற்றும்வரை மகனின் டியூசன் வகுப்பை என் போன் டேட்டாவில் நடத்தினோம். தயவுசெய்து அந்தத் துளையைத் தொடாதீர்கள். தேவையான எல்லாவற்றையும் ரவுட்டரின் உள்பக்கத்திலேயே செய்யலாம்.

இணைப்பு வந்த அன்றே நான் செய்தவை இவை. முதலில், உள்பக்கத்துக்கான பாஸ்வேர்டை மாற்றினேன். வைஃபைப் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் நீங்கள் மாற்றும் புதிய பாஸ்வேர்டையும் அங்கேயே வாசிக்கலாம். அடுத்தது வைஃபையைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு முறை. எங்கள் ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 இருந்தது, அது போதும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் இன்னும் நல்லது. பழைய ரவுட்டரில் டபிள்யூ.இ.பி. என்று கண்டால் உடனே மாற்றுங்கள், அது 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது.

அப்புறம் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை நிறுத்தினேன். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணை அடித்தோ சுலபமாக இணைய வைத்த வழி அது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் ஊகிக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழில் இருந்து கணக்கிட்டு வருவது. அதோடு ரவுட்டர் முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்துப் பதில் சொல்லிவிடும். ஆகவே 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 தடவைக்குள் எண் அகப்பட்டுவிடும். நான் கணக்கு ஆசிரியை. இதை வாசித்தபோது கரும்பலகையில் எழுதிக் காட்டத் தோன்றியது. இந்த ஓட்டை 2011 டிசம்பரிலேயே வெளியே தெரிந்துவிட்டது. புதிய ரவுட்டர்கள் சில தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும், ஆனாலும் எங்களுக்குத் தேவையில்லாத கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும்?

வைஃபைப் பாஸ்வேர்ட் எங்களுக்கு என் போன் நம்பராகவே இருந்தது. ஒழுங்கையில் பாதி வீட்டில் அப்படித்தான் என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. நம் கைபேசி எண்கள் எல்லாம் 07 என்று தொடங்கும், மீதி எட்டு இலக்கம். பத்துக் கோடி வழிகள் என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் நம் போன் வைஃபையில் இணையும் கணத்தில் காற்றில் போகும் தகவலைப் பிடித்து வைத்துக்கொண்டால், தன் வீட்டில் இருந்தபடியே ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டால் அத்தனையையும் சில நிமிடங்களில் பரீட்சித்துவிடுவார். டபிள்யூ.பி.ஏ.2இல் பாஸ்வேர்ட் 8 குறியில் இருந்து 63 குறி வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினோம். உரல், இறால், திங்கள், பாவாடை என்பதுபோல. (எங்களுடையது அது இல்லை.) அம்மாவுக்கும் வாயில் நிற்கிறது, ஊகிக்கவும் கஷ்டம்.

பாஸ்வேர்டை மாற்றியதும் 14 பேரும் ஒரே அடியாக வெளியே போய்விட்டார்கள். பிறகு கொப்பியைப் பார்த்து எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தேன். ஒரு முகவரியைத் தேடித் தேடித் தடுப்பதைவிட இதுதான் உண்மையான பூட்டு. தடுப்புப் பட்டியல் ஆளை அடையாளம் காண உதவியது, அவ்வளவுதான். தடுத்த போனின் செட்டிங்கில் ஒரு தட்டுத் தட்டினால் முகவரி மாறிவிடும், ஆள் திரும்பவும் உள்ளே வந்துவிடுவார். வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அதனால் பயன் இல்லை, நம் போன்களே அந்தப் பெயரைச் சொல்லித் தேடும், அதைக் கேட்க விரும்புகிறவருக்குக் கேட்கும்.

ரவுட்டரையும் பின் ஜன்னலில் இருந்து எடுத்து வீட்டின் நடுவே, அலுமாரிக்கு மேலே வைத்தேன். அலை நிற்கவில்லை, குறைந்தது.

பின் வளவுப் பொடியன்களிடம் நானே போய்ப் பேசினேன். நல்ல பிள்ளைகள். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, "டிவியில விழுந்தது நாங்கதான் அன்ட்டி, வேணுமெண்டு செய்யல்ல" என்றான். மணிக்கணக்கில் உயர் தரத்தில் வீடியோ ஓடினால் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று ஜிபி வரை போகும் என்று சொன்னேன், அவர்களுக்கு அது தெரியாது. ஒரு பெக்கேஜைச் சேர்ந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன், போட்டார்கள்.

மாமியிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. போன உடனேயே அவர், "குறை நினைச்சிட்டியா மனே?" என்று கேட்டுவிட்டார். குறை இல்லை மாமி, என் வீட்டுக் கேமராவும் டிவியும் அதே வழியில் இருக்கிறது, அதுதான் பயம் என்றேன். பேத்திக்குத் தனி வழி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் 'கெஸ்ட்' வைஃபை. பல ரவுட்டர்களில் இருக்கிறது, நாங்கள் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் டிவியும் கேமராவும் தெரியாது. ஆனால் எல்லா ரவுட்டரும் அப்படிப் பிரிப்பதில்லை. இணைத்துவிட்டு டிவி தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் நேரமும் குறிக்கலாம். பின்னேரம் ஆறில் இருந்து பத்து வரை என்று வைத்தேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் இப்போது இதுதான். மாதம் முதலாம் திகதி மகள் புதுப் பாஸ்வேர்ட் எழுதி விறாந்தைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவாள், மாமியின் பேத்தி வந்து பார்த்துப் போவாள்.

அந்த மாதம் 28ஆம் திகதியிலும் 11 ஜிபி மிச்சம் இருந்தது. மகனிடம் ஏசியதற்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திறந்தேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். கொப்பியில் இல்லாத ஒரு வரிசை இருந்தது. மகன் தன் கூட்டாளிக்கு அவசரத்தில் கெஸ்டை விட்டு உள் வைஃபையின் கியூ.ஆர். குறியைக் காட்டியிருக்கிறான். கேட்டதும் ஒப்புக்கொண்டான். ஏசவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாமானிலும் அவனையே திரும்ப அடிக்க வைத்தேன். நாற்பது நிமிடம் எடுத்தது. அதில் பதினைந்து நிமிடம் கேட் பல்ப்புக்குப் போனது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் வேலை செய்யும், அவன் 5இல் தேடிக்கொண்டிருந்தான்.